முதுமையும் கிழமையும்

கிழவன், கிழவி என்னும் சொற்கள் இக்காலத்து வழக்கில் முதியோரைச் சுட்டுகின்றன. அதுவும் பெரும்பாலும் சிறிது இகழ்ச்சிக் குறிப்போடே சுட்டுகின்றன. ஒருவரை நேரில் அவ்வாறு அழைத்தல் நாகரிகம் அன்றென்று கருதிப் பெரியவர் என்றும் மூத்த குடிமக்கள் என்றும் மாற்றி வழங்குகின்றோம். ஆயின், பண்டை இலக்கண நூலார் இச்சொற்களை ஆண்ட பொருளே வேறு. கிழமையாவது உரிமை. உரிமையுடையவன் கிழவன், உரிமையுடையவள் கிழத்தி. ஆறாம் வேற்றுமை தரும் உடைமைப் பொருளைக் கிழமைப்பொருள் என்றே இன்றும் வகுப்பில் பயில்கின்றோம். நிலமுடையாரை நிலக்கிழார் என்னும் வழக்கும் முற்றும் மறைந்திலது. உரிமையைக் குறித்த சொல் நாளடைவில் உடல் தளர்ச்சியைக் குறிக்கும் சொல்லாயிற்று. சொல்லுக்கு நேர்ந்த இம்மாற்றம் நம் இல்லங்களில் முதியோர்க்கும் நேர்ந்து வருகின்றதோ என்னும் ஐயமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

தொல்காப்பியர் கற்பியலில் இல்லறம் முதிர்ந்த கடைப்பருவத்தைப் பற்றியும் ஒரு நூற்பா வைத்துள்ளார். இன்பம் நுகர்ந்து அமைந்த பின்னர், மக்களும் சுற்றமும் சூழ வாழ்ந்து, சிறந்ததனைப் பயிலுதலே கழிந்த வாழ்வின் பயன் என்பது அதன் கருத்து. ஆண்டும் அவர் அவ்விருவரையும் கிழவன் என்றும் கிழத்தி என்றுமே கூறுகின்றார். இளமையில் அவர்க்கிருந்த பெயர் முதுமையிலும் மாறிற்றில்லை. சிறந்தது யாது என்பதில் கருத்து வேறுபாடு நிகழலாம். பயிலுதல் ஒரு வினை என்பதில் ஐயமில்லை. வாழ்வின் பயனைச் சும்மா இருத்தலில் வையாது ஒரு செயலில் வைத்தமை நாம் கருதத்தக்கது.

இனி, நம் ஊர்களில் நாள்தோறும் காணும் ஒரு வாழ்க்கையை நோக்குவோம். பொருநைக் கரையிலாயினும் நாஞ்சில் நாட்டிலாயினும், பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் பிழைப்பை நாடிச் சென்றுவிட, முதிய இணையர் இருவர் மட்டும் வாழும் வீடுகள் தெருவுக்குச் சில உண்டு. வீட்டின் பின்னே ஒரு சிறு கொல்லை; அதில் ஒரு முருங்கை, இரண்டு வாழை, ஒரு கறிவேப்பிலை, கிணற்றடியில் சேம்பு, வேலியோரம் செம்பருத்தி. ஆடியில் ஊன்றிய அவரை தை பிறக்குமுன் பந்தலை மூடிவிடும். விடியுமுன் எழும் பாட்டி முற்றந் தெளித்துப் பெருக்குகின்றார். தாத்தா மண்வெட்டியை எடுத்துப் பாத்திக்கு நீர் திருப்புகின்றார். பாத்திரங் கழுவிய நீர் வாழைக்குப் போகின்றது; புளித்த மோர் கறிவேப்பிலைக்குப் போகின்றது; அடுப்புச் சாம்பல் அவரையில் அசுவினி கண்டவிடத்துத் தூவப்படுகின்றது. அவ்வீட்டில் வீணாகும் பொருள் மிகச் சில.

இவ்விருவர்க்குள்ளும் நாள்தோறும் வழக்குண்டு. வெயில் படும் நல்லிடத்தில் ரோஜா வைக்க வேண்டும் என்பார் அவர்; வெண்டை போட்டால் குழம்புக்காகும் என்பார் இவர். நீர் மிகுதியாக விட்டுவிட்டீர்கள் என்று ஒருவர் கூற, நேற்று நீ விடவே இல்லையே என்று மற்றவர் விடையிறுப்பார். இப்பேச்சை வழியிற் செல்வோர் கேட்பின் சச்சரவென்றே எண்ணுவர். யாம் அங்ஙனம் எண்ணவில்லை. ஐம்பது ஆண்டு உடன் வாழ்ந்த இருவர் ஒருவர்க்கொருவர் கூறவேண்டிய புதுச் செய்திகள் பல இரா. ஆயின் தோட்டம் நாள்தோறும் ஒரு புதுச் செய்தி தருகின்றது. இன்று பூசணி பிஞ்சு விட்டது. நேற்று அணில் கொய்யாவைக் கடித்தது. வாழை குலை தள்ளிற்று. பொதுவில் ஒரு தொழில் இருப்பதனாலேயே அவர்தம் உரையாடல் வற்றாதிருக்கின்றது. தெருவாரும் கறிவேப்பிலைக்கொத்தும் முருங்கைக்கீரையும் நாடிப் படியேறுகின்றனர். கொடுக்குங் கை இருப்பதனால் வாயிலில் ஆள் வரவும் இருக்கின்றது.

இவ்வாழ்க்கையைக் குலைப்பது பெரும்பாலும் பகையன்று, அன்பேயாம். விடுமுறைக்கு வரும் மகன் தந்தை வியர்க்க வியர்க்கக் கொத்துவது கண்டு மனம் பொறாது, "இனி நீங்கள் ஒன்றும் செய்யவேண்டாம், அப்பா, சும்மா இருங்கள்" என்கின்றான். மகள் அடுக்களைக்கு ஓர் ஆளை அமர்த்தி, "அம்மா, நீங்கள் கரண்டியைத் தொடக் கூடாது" என்கின்றாள். குப்பை பெருக்கும் தொல்லை ஒழியட்டும் என்று முற்றத்திற்குச் சிமிட்டித் தளம் இடுகின்றனர். இலை உதிர்கின்றதென்று மரத்தை வெட்டுகின்றனர். செலவும் பிள்ளைகளுடையதே, எண்ணமும் நல்லெண்ணமே. ஆயின் அவர்கள் ஊர் திரும்பிய பின்னர் அவ்வீட்டில் எஞ்சுவன இரண்டு நாற்காலிகளும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியுமே. காலையில் எழவேண்டிய காரணம் ஒன்றும் இல்லாத வீட்டில் முதியோர் காலந்தாழ்த்தி எழுகின்றனர், பின்னர் உறக்கம் வரவில்லை என்கின்றனர், பசிக்கவில்லை என்கின்றனர். முதுமையின் இயல்பு இது என்று நாம் அமைதி கூறிக்கொள்கின்றோம்.

2007ஆம் ஆண்டில் நம் நாட்டில் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இயற்றப்பட்டது. அறுபது அகவை நிரம்பியோரை அது மூத்த குடிமக்கள் என்கின்றது. தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத பெற்றோரைக் காத்தல் பிள்ளைகளின் கடமை என்று விதிக்கின்றது. பராமரிப்பில் உணவு, உடை, உறையுள், மருத்துவம் ஆகியவற்றை அச்சட்டம் அடக்குகின்றது. அவை இன்றியமையாதன, அவற்றுக்கும் வழியின்றி நிற்கும் முதியோர் பலராதலின் அச்சட்டத்தைக் குறைகூற யாம் துணியோம். ஆயினும் சட்டம் கொடுக்கக்கூடியவை இவ்வளவே. இன்றைக்கு என்ன குழம்பு வைப்பது என்று முடிவு செய்யும் உரிமையையும், எந்தப் பாத்தியில் எதனை விதைப்பது என்று சொல்லும் உரிமையையும் எந்த நடுவர்மன்றமும் அளிக்கவியலாது. அவற்றை அளித்தலும் பறித்தலும் வீட்டாரின் கையில் உள்ளன.

இது வெறும் மனவெழுச்சி என்பார்க்கு ஓர் ஆராய்ச்சியை எடுத்துக் காட்டுவோம். அமெரிக்க நாட்டில் எல்லென் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் உளநூலார் இருவர் முதியோரில்லம் ஒன்றில் நிகழ்த்திய சோதனை 1976ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு மாடியில் இருந்த முதியோரிடம், தம் நாளை எவ்வாறு கழிப்பதென்று தாமே முடிவு செய்தல் வேண்டும் என்று வற்புறுத்தி, ஒரு சிறு செடியைக் கொடுத்து, அதனைப் பேணுதல் அவர் பொறுப்பென்றனர். மற்றொரு மாடியில் இருந்தோர்க்கும் செடி கொடுத்தனர். ஆனால் அதற்குப் பணிப்பெண்களே நீர் விடுவர் என்றும், அவர்தம் நலத்தை எல்லாம் பணியாளர் பார்த்துக்கொள்வர் என்றும் கூறினர். சில கிழமைகள் சென்றபின் நோக்க, பொறுப்புப் பெற்றோரே மிக்க சுறுசுறுப்பும் மகிழ்ச்சியும் உடையராய்க் காணப்பட்டனர். ஓரில்லத்தில், சிலரிடத்தில் நிகழ்ந்த சோதனை இது. இதனைக் கொண்டே எல்லாம் நிறுவப்பட்டுவிட்டதென்று யாம் கூறோம். எனினும் இரு சாரார்க்கும் செடி ஒன்றுபோலவே கிடைத்தது, அதன்மேல் உள்ள கிழமையே வேறுபட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

மறுப்புகள் இல்லாமல் இல்லை. முதலாவது மறுப்பு இடையூறு பற்றியது. முதியோர் விழுந்தால் எலும்பு முறியும். முறிந்தது எளிதிற் கூடாது. படுக்கையில் வீழ்ந்தவர் பலர் மீண்டும் எழுவதில்லை. இது முற்றும் உண்மை. அதனாற்றான் தொழிலைக் குறையாது இடையூற்றைக் குறைத்தல் வேண்டும் என்கின்றோம். முருங்கைக் கிளை எளிதில் ஒடிவது. அதன்மேல் ஏணி சாத்தலாகாது. நீண்ட துறட்டி ஒன்று இருந்தால் தரையில் நின்றே காய் பறிக்கலாம். கிணற்றடிப் பாசியைச் சுரண்டிச் சொரசொரப்பான கல்லைப் பதிக்கலாம். குடஞ் சுமப்பதற்கு மாறாகக் குழாயை நீட்டி விடலாம். குனிய இயலாதார்க்கு இடுப்பளவு மேடை கட்டி, அதன்மேல் மண்ணிட்டுக் கீரை விதைக்கச் செய்யலாம். நண்பகல் வெயிலில் இறங்கவேண்டாம் என்று வேண்டிக்கொள்ளலாம். இவற்றுக்கு ஆகும் செலவு சிமிட்டித் தளத்திற்கு ஆகும் செலவினும் குறைவே.

இரண்டாவது மறுப்பு இதனினும் வலியது. ஆடவர்க்கு அலுவலிலிருந்து ஓய்வுபெறும் நாள் ஒன்று உண்டு. மாலையிட்டு வழியனுப்புவாரும் உண்டு. அடுக்களையில் நாற்பது ஆண்டு நின்ற பெண்டிர்க்கோ அத்தகைய நாள் ஒருபோதும் வருவதில்லை. அவர்பால் சென்று, தொழில் உமக்கு நல்லது, ஆதலின் இன்னும் சமையுங்கள் என்று கூறுதல் கொடுமையன்றோ? கொடுமையே. பேரப்பிள்ளைகளை வளர்க்கும் சுமை முழுவதையும் பாட்டியின் தலையில் ஏற்றிவிட்டு, அதற்கு உரிமை என்று பெயரிடுவாரும் உளர். ஆதலின் உரிமைக்கும் சுமைக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். அதனை அறிதற்கு எளிய வழி ஒன்றுண்டு. "இன்று என்னால் இயலாது" என்று சொல்லி அமர்ந்துவிட அவர்க்கு இடம் இருக்கின்றதா? இருப்பின் அத்தொழில் கிழமை. இல்லையேல் அது கூலியில்லா வேலை. பாட்டி ஓய்வை விரும்பின் ஓய்வே அவர் கிழமை. தாத்தா அன்றைக்கு உலை வைக்கட்டும். மண்வெட்டி பிடித்த கைக்குக் கரண்டி பிடித்தல் அரிதன்று.

கொல்லை இல்லாதார் என் செய்வர் என்று மூன்றாவதாகக் கேட்பாரும் உண்டு. நகரத்து அடுக்குமாடியில் மண்ணைக் காண்பதே அரிது. ஆண்டும் மாடத்தில் இரண்டு தொட்டிக்கு இடம் இல்லாமற் போகாது. கொத்துமல்லியும் புதினாவும் தொட்டியில் வளர்வன. அதற்கும் இடமில்லையெனின், காய்கறி வாங்குதல், கணக்கெழுதுதல், பேரன் பேர்த்தியர்க்குப் பாடம் கேட்டல் என அவர் விரும்பிக் கொள்ளும் ஏதேனும் ஒரு தொழிலில் முடிவு அவர்தம்முடையதாக இருத்தல் போதும். தோட்டம் ஈண்டு ஓர் எடுத்துக்காட்டு; கருதப்படுவது உரிமை.

2011ஆம் ஆண்டு மக்கட் கணக்கின்படி நம் நாட்டில் அறுபது அகவை கடந்தோர் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர். நம் மாநிலத்திலோ நூற்றுவரில் பதின்மர்க்கு மேல். அதன்பின் அவர் தொகை பெருகியதேயன்றிக் குறைந்ததில்லை. இக்கல்லூரியிற் பயில்வார் ஒவ்வொருவர் குடும்பத்திலும் அவருள் ஒருவரேனும் இருப்பர். ஆதலின் இது பிறர்க்குரிய செய்தி என்று மாணவர் தள்ளிவிடுதற்கில்லை. நமக்குக் கல்விப்பணம் கட்டும் கைகள் நாளை அவ்வகவையை எய்தும். பொருளீட்டத் தொடங்கியவுடன் அவர்தம் கையிலுள்ளதை எல்லாம் அன்பின் பெயரால் வாங்கிக்கொள்பவரும் நாமேயாவோம்.

நண்பர்காள், அடுத்த விடுமுறையில் ஊர் செல்லுங்கால் பெருஞ் செயல் ஒன்றும் செய்யவேண்டுவதில்லை. தாத்தாவின் கையிலிருக்கும் மண்வெட்டியைப் பிடுங்காது, மற்றொன்றை எடுத்துக்கொண்டு அவர் காட்டும் இடத்திற் கொத்துங்கள். உரமூட்டையைச் சுமந்து கொடுங்கள்; எங்கே இடுவதென்பதை அவரிடம் கேளுங்கள். பாட்டியிடம் அவரை ஊன்றும் நாளையும், விதை காக்கும் முறையையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவை நம் பாடநூல்களில் இல்லை. முற்றத்தை மாற்றவோ மரத்தை வெட்டவோ வீட்டார் எண்ணினால், அவ்வீட்டில் நாள் முழுதும் இருக்கப்போகும் இருவரை முதலில் கேட்கும்படி சொல்லுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால், அச்சொல்லே முடிவாகட்டும்.

உணவும் மருந்தும் உயிரைக் காக்கும். காத்த உயிர் தன் வீட்டில் விருந்தினரைப்போல ஒடுங்கியிருப்பின் அதனாற் பயன் என்னை? முதியோரை நாம் எப்பெயரிட்டு அழைப்பினும் ஆகுக. கிழமையுடையாராக அவரை வாழவிடுதலே பிள்ளைகள் செய்யத்தக்கது.