அக்கிக்குப் பின் வரும் பக்கவாதம்

எச்.ஐ.வி.யுடன் வாழும் ஒருவருக்கு இளம் வயதிலேயே பக்கவாதம் வரும்போது, காசநோய் மூளையுறை அழற்சி, மேகநோய் ஆகியவற்றோடு தேடலை முடித்துக்கொள்ளும் வழக்கத்தால், மருந்துக்குக் கட்டுப்படக்கூடிய மற்றொரு காரணமான வேரிசெல்லா ஜோஸ்டர் வைரஸ் கவனத்துக்கு வராமலே போய்விடுகிறது.

மனிதரைப் பற்றும் ஒன்பது ஹெர்பிஸ் வைரஸ்களும் ஒருமுறை நுழைந்தபின் உடலை விட்டு நீங்குவதில்லை. அவற்றுள் சைட்டோமெகலோ வைரஸ் பெரும்பாலும் நோயெதிர்ப்பு அணுக்களான சிடி4 அணுக்கள் 50-க்கும் கீழே சரிந்தவர்களின் மூளையையே தாக்குவதால், எச்.ஐ.வி.க்கான கூட்டுமருந்துச் சிகிச்சை (ஏ.ஆர்.டி.) பரவியபின் அந்நோய் அரிதாகிவிட்டது. சின்னம்மைக்குப் பிறகு நரம்பணுத்திரள்களில் உறங்கிக் கிடக்கும் வேரிசெல்லா வைரஸோ, சிடி4 எண்ணிக்கை ஓரளவு மீண்டவர்களிடமும் விழித்தெழுந்து அக்கியாக வெளிப்படுகிறது. முகத்துக்கு உணர்வூட்டும் முப்பெரு நரம்பின் இழைகள் மூளைத் தமனிகளையும் சென்றடைவதால், அவற்றின் வழியே வைரஸ் தமனியின் புறச்சுவரில் இறங்கி, அங்கு அழற்சியை மூட்டி, உட்சுவரைத் தடிக்கச் செய்து குருதியோட்டத்தை அடைக்கிறது. கண்ணைச் சூழ்ந்த அக்கி ஆறிச் சில வாரங்களோ மாதங்களோ கழித்துப் பக்கவாதம் வருவது இதனால்தான்.

நோயை உறுதிசெய்வதில்தான் பெரும் பிழை நேர்கிறது. இந்தத் தமனி நோய்க்கு ஆளான 30 பேரை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஆய்வில், கொப்புளம் கண்டவர்கள் 63 விழுக்காட்டினர் மட்டுமே. மூளைத்தண்டுவடத் திரவத்தில் வைரஸின் டி.என்.ஏ. 30 விழுக்காட்டினரிடமே கிடைக்க, அவ்வைரஸுக்கு எதிரான ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருளோ 93 விழுக்காட்டினரிடம் இருந்தது. ஆகவே டி.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆர். சோதனையில் இல்லை என்று வந்ததைக் கொண்டு மட்டும் நோயை விலக்குவது தவறு. அந்த எதிர்ப்பொருள் குருதியிலிருந்து கசிந்து வந்ததா, மூளைப்பகுதியிலேயே உருவானதா என்பதை குருதியிலும் தண்டுவட நீரிலும் உள்ள அதன் அளவுகளை ஒப்பிட்டே அறிய வேண்டியிருப்பதால், தண்டுவட நீர் எடுக்கும் நாளிலேயே குருதி மாதிரியும் எடுக்கப்பட வேண்டும்.

வழக்கமான சிகிச்சை, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 15 மி.கி. அசைக்ளோவிர் மருந்தை 8 மணி நேரத்துக்கு ஒருமுறை 14 நாட்கள் சிரைவழி செலுத்துவது. எச்.ஐ.வி. மருந்தான டெனோஃபோவிரையும் உட்கொள்வோருக்குச் சிறுநீரகத்தின் மீது இரட்டைச் சுமை விழுவதால் கிரியேட்டினின் அளவை இடைவிடாமல் கவனிக்க வேண்டும். உயிருள்ள வைரஸ் இல்லாத மறுசேர்க்கை அக்கித் தடுப்பூசியை நோயெதிர்ப்பு குன்றிய இளையோருக்கும் தர 2021-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அதன் விலை தாங்கக்கூடியதாகும் வரை, அண்மை மாதங்களில் அக்கி கண்டதா என்ற கேள்வியும், நெற்றியிலும் இமையிலும் தழும்பு தேடும் பார்வையும், எதிர்ப்பொருள் சோதனைக்கு மாதிரியை அனுப்பும் ஏற்பாடும் ஒவ்வொரு ஏ.ஆர்.டி. மையத்திலும் இருந்தாக வேண்டும்.