செத்தவன் கொல்லலாமா?

நம் பக்கம் ஜெயித்த ஆட்டத்தைப் பற்றி நியாயம் பேச வருகிறவனை நம் ஊரில் யாருக்கும் பிடிப்பதில்லை. "தங்கம் வந்ததா, இல்லையா? அப்புறம் என்ன வே உமக்கு?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுகிறார்கள். தங்கம் வந்தது, வாஸ்தவம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தத் தங்கம் ஒரு விதியின் தோளில் ஏறி வந்தது. தங்கத்தை உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம் என்றால், விதியைத் தேய்த்துப் பார்க்கக் கூடாதா?

2023-ஆம் வருஷம் அக்டோபர் 7-ஆம் தேதி, சீனாவில் ஹாங்சோ நகரத்தில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆடவர் கபடி இறுதி ஆட்டம். இந்தியாவும் ஈரானும் 28-க்கு 28 என்று சமமாக நிற்கின்றன. ஆட்டம் முடிய ஒரு நிமிஷமும் சில விநாடிகளுமே பாக்கி. பவன் செராவத் பாடிப் போகிறார். இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பிய பிறகு வரும் மூன்றாவது பாட்டு அது. புள்ளி எடுக்காமல் திரும்பினால் அவரே அவுட். போனவர் யாரையும் தொடாமலே பக்கவாட்டு லாபியில் கால் வைத்துவிட்டார். அவரைத் துரத்திக்கொண்டு ஈரானின் பிடிகாரர்களும் லாபிக்குள் விழுந்தார்கள்.

இங்கேதான் வழக்கு. பழைய விதிப்படி, தொடாமல் லாபியில் கால் வைத்த எல்லோரும் அவுட்: பாடிப் போனவர் ஒருவர், பின்னால் வந்தவர்கள் அத்தனை பேர். புதிய விதிப்படி, பாடிப் போனவர் வெளியேறிய அந்தக் கணமே பாட்டு முடிந்தது. அவர் மட்டும் அவுட். மத்தியஸ்தர்கள் ஒன்று சொன்னார்கள். பிறகு மாற்றிச் சொன்னார்கள். பிறகு அதையும் மாற்றினார்கள். இரு பக்கத்து ஆட்டக்காரர்களும் விரிப்பின் மேலேயே உட்கார்ந்து மறியல் செய்தார்கள். சுமார் ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் பழைய விதியே நின்றது. 33-க்கு 29 என்று இந்தியா ஜெயித்தது.

அன்றைய தீர்ப்பை நான் குறை சொல்லவில்லை. புத்தகத்தில் எழுதியிருந்தபடி தீர்ப்புச் சொல்வதுதான் மத்தியஸ்தரின் வேலை. என் சண்டை அந்தப் புத்தகத்தோடு.

தூத்துக்குடிக் கரையோரத்தில் கபடி என்றால் டெலிவிஷனில் பார்க்கிற சமாச்சாரம் மட்டுமல்ல. இந்த மாவட்டத்து மணத்தி கிராமத்துக் கணேசன், 1994-இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் ஆடி, மறு வருஷம் அர்ச்சுனா விருது வாங்கியவர். கோயில் கொடையோ மாதா திருவிழாவோ வந்தால், டியூப் லைட் கட்டி, மணலில் சுண்ணாம்புக் கோடு போட்டு, விடிய விடிய ஆடுகிற ஊர்கள் இவை. கோடு அரை மணி நேரத்தில் கால்பட்டு அழிந்துவிடும். பிறகு கோடு எங்கே இருந்தது என்பதற்குத் தனியாக ஒரு கபடி நடக்கும். ஆகவே, கோட்டை மிதித்தவனுக்கு என்ன தண்டனை என்ற கேள்வி இந்தப் பக்கத்துக்காரனுக்குப் புதிதல்ல.

ஹாங்சோ ஆட்டம் முடிந்த மறுவாரம், துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வுபெற்ற ஒரு பழைய ஆட்டக்காரரிடம் இதைச் சொன்னேன். கை விரல் இரண்டு வளைந்தே நிற்கிற மனிதர். எல்லாம் பிடித்த பிடிகள். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவன்தான் மொதல்லயே செத்துட்டானேப்பா. செத்தவன் எப்பிடிப்பா நாலு பேரைக் கொல்லுவான்?" என்றார்.

சடுகுடு பாஷையே அதுதானே! அவுட் ஆனவன் செத்தவன். மறுபடி உள்ளே வருகிறவன் உயிர்பெற்றவன். லாபியில் கால் வைத்ததும் பாடிப் போனவன் உயிர் போய்விட்டது. அதன் பிறகு அவனைத் துரத்தியவர்கள் ஒரு பிணத்தைத்தான் துரத்தினார்கள். பிணத்தைத் துரத்தியது வீண் வேலை, ஒப்புக்கொள்கிறேன். அது குற்றமா?

"கோடு எல்லோருக்கும் ஒன்றுதானே? அவர்களுக்குக் கண் இல்லையா?" என்பது எதிர்க்கட்சியின் வாதம். கேட்க அழகாக இருக்கிறது. ஆடுகளத்தைப் பாருங்கள்: நீளம் 13 மீட்டர், அகலம் 10. அந்த அகலத்திலும் இரண்டு ஓரங்களில் ஒவ்வொரு மீட்டர் லாபி. தொடுதல் நடந்துவிட்டால் அந்த லாபியும் ஆடுகளம் ஆகிவிடும். நடக்காவிட்டால் அது வெளி. பாடிப் போனவன் ஒருவனைத் தொட்டால், தொட்டவனுக்கும் தொடப்பட்டவனுக்கும் அது தெரியும். மற்ற மூன்று பேருக்கு எப்படித் தெரியும்? தொட்டிருப்பானோ என்ற சந்தேகத்தில் அவர்கள் பாய்ந்தே ஆகவேண்டும். பாயாமல் நின்று, உண்மையில் தொட்டிருந்தால், அவன் லாபி வழியாகவே நடுக்கோட்டைத் தாண்டிப் புள்ளியோடு வீடு போய்ச் சேர்ந்துவிடுவான். பாய்ந்தாலும் சாவு, நின்றாலும் சாவு. இப்படி ஒரு பொறியை வைத்துவிட்டு, "கண் இல்லையா?" என்று கேட்பது என்ன தர்மம்?

இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. தப்புச் செய்தவனுக்கே இந்த விதி லாபம் தருகிறது. தன் காலை வெளியே வைத்த குற்றத்துக்கு ஒரு புள்ளி நஷ்டம். ஆனால் அந்தக் குற்றத்தின் வாலைப் பிடித்து மூன்று பேர் வந்தால் மூன்று புள்ளி வரவு. சாமர்த்தியசாலி ஒருவன் இதையே ஒரு தந்திரமாக வைத்துக்கொண்டால் யார் தடுப்பது? வீரத்துக்குப் பதிலாக வழுக்கி விழுவதைப் பயிற்சி செய்யலாமே!

இதற்கு நேர் எதிரான அநியாயம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே ஃபுட்பால் என்பது, முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரியின் எல்லைப் பகுதிக்குள் ஓடுகிற ஆட்டம். ஓடுகிறவன் கையிலிருந்து பந்து நழுவிப் பக்கக் கோட்டைத் தாண்டிப் போனால் பெரிய நஷ்டமில்லை. பந்து அவன் கட்சிக்கே. அதே பந்து கடைசி எல்லைப் பகுதிக்குள் நழுவி, அங்கிருந்து வெளியே உருண்டுவிட்டால், பந்து எதிர்க்கட்சிக்குப் போய்விடும். அதுவும் 20 கஜம் தள்ளி, சௌகரியமான இடத்தில். எதிர்க்கட்சியில் ஒருவனும் அந்தப் பந்தை எடுத்திருக்க வேண்டியதில்லை. 2021 ஜனவரியில் கிளீவ்லேண்ட் அணி இப்படி எல்லை வாசலில் பந்தைத் தவறவிட்டு, கேன்சஸ் சிட்டியிடம் 22-க்கு 17 என்று தோற்றது. இலக்குக்கு ஒரு கஜம் முன்னால் தவறினால் பெரிய தண்டனை, ஐம்பது கஜம் முன்னால் தவறினால் மன்னிப்பு. அதிக தூரம் உழைத்து வந்தவனுக்கு அதிக அடி!

எங்கள் கடலில் 1961-க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு இல்லை. அதற்கு முன், கல்லைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் இறங்கிச் சிப்பி அள்ளியவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் இன்னும் இந்தத் தெருக்களில் இருக்கிறார்கள். கபடிக்காரனுக்கும் முத்துக்குளிக்கிறவனுக்கும் மூலதனம் ஒன்றுதான்: ஒரு மூச்சு. மேலே வரும்போது கூடை கவிழ்ந்தால் சிப்பி கடலுக்குப் போகும். அந்த ஒரு மூச்சு வீண். அதுவே போதுமான தண்டனை. கவிழ்ந்த கூடைக்காக அடுத்த தோணிக்காரனுக்கு ஒரு கூடை கொடு என்று எந்தச் சம்மாட்டியும் கேட்கமாட்டார். கூடை கவிழ்ந்ததைப் பார்த்து எட்டிக் குனிந்த அடுத்த தோணிக்காரனின் கூடையைப் பிடுங்கச் சொல்லவும் மாட்டார். அமெரிக்க விதி முதல் காரியத்தைச் செய்கிறது. கபடியின் பழைய விதி இரண்டாவதைச் செய்கிறது.

பாடிப் போனவன் வெளியே கால் வைத்தால் எதிரிக்கு ஒரு புள்ளி கொடுப்பதும் இனாம்தானே என்று கேட்கலாம். இல்லை. அவனைச் சங்கிலி கோத்து ஓரத்துக்கு நெருக்கியது அவர்கள். இடம் இல்லாமல் செய்ததும் அவர்களே. ஒரு ஆள் போனான், ஒரு புள்ளி வந்தது. கணக்குச் சரி.

ஈரான்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபாசல் அத்ராச்சலி, முகமது ரேசா ஷாத்லூயி போன்றவர்கள் நம் நாட்டு ப்ரோ கபடி லீகில் ஆடிப் பேர் வாங்கியவர்கள். வெளியேறினால் பாட்டு முடிந்தது என்ற புதிய விதி அந்த லீகில் பழகிய விதி. நம் வீட்டில் கற்ற பாடத்தை அவர்கள் ஹாங்சோவில் ஒப்பித்தார்கள். நாம் வேறு புத்தகத்தை நீட்டினோம். 2018-இல் ஜகார்த்தாவில் நம்மை அரையிறுதியில் தோற்கடித்துத் தங்கம் கொண்டுபோனவர்கள் என்ற கோபம் நமக்கு இருக்கலாம். கோபம் வேறு, கணக்கு வேறு.

லீகுக்கு ஒன்று, ஆசியப் போட்டிக்கு ஒன்று என்று இரண்டு புத்தகம் வேண்டாம். பாடிப் போனவன் யாரையும் தொடாமல் லாபியில் கால் வைத்தால் அந்தக் கணமே அவன் பாட்டு முடிந்தது. எதிரிக்கு ஒரு புள்ளி. அதற்குப் பின் யார் எங்கே விழுந்தாலும் கணக்கில் சேராது. இவ்வளவுதான் எழுத வேண்டியது. இதை எழுதியிருந்தால் ஹாங்சோவில் நாம் அந்தப் பாட்டில் ஒரு புள்ளி பின்தங்கியிருப்போம். மீதி ஒரு நிமிஷம் இருந்தது. ஆடியிருக்கலாம்.