புல்வெட்டும் பொறி திணறினால்

பங்காருபாளையத்து மாந்தோப்புகளில் மழைக்குப் பின் புல் மண்டும் வேளையில், மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் புல்வெட்டி திணறுவதுண்டு. புதியது வாங்க விரையுமுன் அன்பர்கள் எரிபொருளை ஆராய்தல் நலம்.

இந்நாளைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. அது ஈரத்தை ஈர்க்கும். நெடுநாள் தேங்கிய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். சோக் இழுத்தால் மட்டுமே எஞ்சின் ஓடுமாயின், குற்றம் பெரும்பாலும் அங்கேதான். பழையதை வடித்துப் புதியதை ஊற்றுக. காற்று வடிகட்டியைத் தூய்மை செய்க. வேகம் ஏறாவிடின், புகைபோக்கி வலையில் படிந்த கரியை நீக்குக. இவற்றைச் செய்யுமுன் பிளக்கின் கம்பியைக் கழற்றிவிடுக.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெய் கலவாத பெட்ரோல் எமனாகும், பிஸ்டன் இறுகிவிடும். கையேடு 50க்கு 1 என்றால், லிட்டருக்கு 20 மில்லி எண்ணெய் சேர்க்க வேண்டும். அச்சிறு செலவைச் சுருக்குவோர் பொறியையே இழப்பர்.