பிரோஷரை அடியிலிருந்து படிங்க

போன மாசம் ஒரு சனிக்கிழமை, எங்க அபார்ட்மென்ட்டில் மூணாவது மாடியில் இருக்கும் தம்பி என் வேளச்சேரி ஆபீஸுக்கு வந்தார். ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை, வயசு 27. கையில் பளபளன்னு ஒரு பிரோஷர்.

"அண்ணா, மாசம் 2 பர்சென்ட் வட்டி. போன வருஷம் நான் 2 லட்சம் போட்டேன், மாசா மாசம் 4,000 கரெக்டா வருது. இப்போ அப்பாவோட ரிட்டயர்மென்ட் பணம் 8 லட்சத்தையும் போடலாம்னு இருக்கோம். டாக்ஸ் எவ்வளவு வரும்னு மட்டும் சொல்லுங்க."

டாக்ஸைப் பத்தி நான் பேசவே இல்லை. பிரோஷரை வாங்கி அடிப்பக்கம் பார்த்தேன். மேலே தங்க நிறத்தில் '25 ஆண்டு பாரம்பரியம்'. கீழே ஃபுட்டரில், எறும்பு சைஸ் எழுத்தில், எழுத்தும் எண்ணும் கலந்து 21 இலக்கம். அதுதான் சி.ஐ.என்., அதாவது கம்பெனியின் அடையாள எண்.

அதைப் பிரிச்சுப் படிக்க சி.ஏ. படிக்க வேண்டாம். முதல் எழுத்து 'எல்' என்றால் பங்குச்சந்தையில் லிஸ்ட் ஆன கம்பெனி, 'யு' என்றால் லிஸ்ட் ஆகாதது. அடுத்த 5 இலக்கம் தொழில் வகை. பிறகு மாநிலத்துக்கு 2 எழுத்து, நம்ம ஊருக்கு 'டிஎன்'. அதை அடுத்து 4 இலக்கத்தில் கம்பெனி பதிவான வருஷம். அப்புறம் வரும் 3 எழுத்து 'பிடிசி' என்றால் பிரைவேட் லிமிடெட், 'பிஎல்சி' என்றால் பப்ளிக் லிமிடெட். கடைசி 6 பதிவு எண்.

தம்பி கொண்டுவந்ததில் வருஷம் 2021. சரி, முன்னாடி அப்பா, தாத்தா பார்ட்னர்ஷிப்பா நடத்தியிருக்கலாம், விட்டுடலாம். ஆனா அடுத்த மூணு எழுத்து 'பிடிசி'. பிரைவேட் லிமிடெட் கம்பெனி பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க 2013 கம்பெனிகள் சட்டம் அனுமதிக்கவில்லை. ரிசர்வ் வங்கியிடம் டெபாசிட் வாங்க லைசென்ஸ் பெற்ற நிதி நிறுவனம் என்றால் கதை வேற. ரிசர்வ் வங்கியின் 'சச்சேத்' தளத்தில் தேடினோம். இவங்க பெயர் இல்லை.

இந்த எண்ணை அவங்க ஆசைப்பட்டுப் போடலை. லெட்டர்ஹெட், பில், நோட்டீஸ் எல்லாத்திலும் கம்பெனி பெயர், பதிவு அலுவலக முகவரி, சி.ஐ.என். இருக்கணும்னு அந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு சொல்லுது. மீறினால் நாளுக்கு 1,000 ரூபாய், அதிகபட்சம் 1 லட்சம் வரை அபராதம். ஆன்லைன் வியாபாரம் செய்யும் கம்பெனி என்றால் வெப்சைட்டின் முகப்புப் பக்கத்திலும் போடணும். பிரோஷரின் மேல்பாதியை மார்க்கெட்டிங் டீம் எழுதுது. அடியில் இருப்பது சட்டத்துக்குப் பயந்து எழுதினது. அதனால் நான் அடியிலிருந்துதான் படிப்பேன்.

எனக்கு ஒரு கோபம் உண்டு. வட்டி விகிதத்தை உள்ளங்கை சைஸில் அச்சடிக்கிறவங்க, இதை மட்டும் பூதக்கண்ணாடி வெச்சுத் தேடும்படி ஏன் போடணும்? ரெண்டும் ஒரே சைஸ்னு விதி வந்தா பாதி பிரோஷர் அச்சுக்கே போகாது. மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தின் 'சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை' வரியையும் எக்ஸ்பிரஸ் ரயில் வேகத்தில் படிச்சுப் படிச்சு, ஜோக்காவே ஆக்கிட்டாங்க.

இன்னும் ரெண்டு இடம் சொல்றேன். டெபாசிட் காப்பீட்டுக் கழகம் தன் லோகோவையும் க்யூ.ஆர். கோடையும் வெப்சைட்டில் வைக்கச் சொல்லி 2023-இல் வங்கிகளுக்குச் சொன்னது. வங்கிப் பக்கத்தில் அது இருக்கான்னு பாருங்க. ஒரு வங்கியில் ஒருத்தருக்கு அசல், வட்டி சேர்த்து 5 லட்சம் வரைதான் அந்தக் காப்பீடு. நிதி நிறுவன டெபாசிட்டுக்கு அது கிடையாது. அப்புறம், வாடகை அக்ரிமென்ட்டில் 'பக்கம் 3 / 7' மாதிரி எண் அடியில் இருக்கணும், ஒவ்வொரு பக்கத்திலும் உங்க கையெழுத்தும் விழணும். இல்லாட்டி நடுவில் ஒரு பக்கத்தை மாத்தினா கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஃபுட்டரில் எண் இருந்தாலே நம்பிடாதீங்க. போலி டிரேடிங் ஆப்காரங்க வேற யாரோ ஒரு ஆலோசகரின் செபி பதிவு எண்ணை அப்படியே காப்பி அடிச்சுப் போடறாங்க. செபி தளத்தில் எண்ணைத் தட்டி, வரும் பெயரும் போன் நம்பரும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. கம்பெனி விவரத்தை எம்.சி.ஏ. தளத்தில் பார்க்கலாம். புது ஆபர் லெட்டர் வந்தாலும் இதே வேலைதான். என் வீடியோக்களின் கீழேயும் 'கல்வி நோக்கத்துக்கு மட்டும்' என்று இருக்கும். நான் சி.ஏ., செபி பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை. 'எந்த ஷேர் வாங்கலாம்?' என்று கமென்ட்டில் கேட்டால் பதில் வராததுக்கு அதுதான் காரணம்.

அப்பாவின் 8 லட்சம் இப்போ அவங்க வங்கியிலேயே இருக்கு. தம்பியின் 2 லட்சத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியாச்சு. 90 நாள் நோட்டீஸ்னு பதில் வந்திருக்கு. அந்த விதி எங்கே இருக்குன்னு ரசீதைத் திருப்பிப் பார்த்தோம். அதுவும் ஃபுட்டரில்தான் இருந்தது.