கண்ணாடிக்கு ஏற்ற நீர்

தை பிறக்கப் பத்து நாட்கள் இருக்கும்போதே மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வீடுகளைத் துப்புரவு செய்யும் வேலை தொடங்கிவிடுகிறது. சுவருக்கு வெள்ளை பூசுவதும், முற்றத்தைச் செருக்கிச் சமப்படுத்துவதும், ஒட்டறை அடிப்பதும் நம் தாய்மார் தலைமுறை தலைமுறையாக அறிந்த வேலைகள். கண்ணாடி யன்னலைக் கழுவுவது மட்டும் அவர்கள் தம் பாட்டிமாரிடம் கற்றுக்கொள்ளாத வேலையாகும். வெல்லாவெளி போன்ற படுவான்கரைக் கிராமங்களில் மண்சுவரும் கிடுகுக் கூரையும் இருந்த நாளில் யன்னல் என்பது மரச்சட்டமும் மரக்கதவுமாகவே இருந்தது. பல வீடுகளில் அதுவும் இருக்கவில்லை. வீட்டில் கண்ணாடி என்று சொல்லக்கூடியவை முகம் பார்ப்பதற்கு ஒன்றும், அரிக்கன் லாம்பின் சிமினியாக ஒன்றுமே. 2009இல் போர் முடிந்த பின்னர் கல்வீடுகளும், மாடிப் பாடசாலைக் கட்டடங்களும், அலுவலகங்களும் எழுந்தபோது கண்ணாடி பெருகியது. அதனைக் கழுவும் முறை மட்டும் சிமினி துடைத்த காலத்திலேயே பெரும்பாலும் நின்றுவிட்டது.

அது சிறிய விடயமன்றோ, அதற்கு ஒரு பக்கத்தை ஒதுக்க வேண்டுமா எனச் சில நேயர்கள் வினவலாம். கீழ்மாடிக் கண்ணாடியைப் பொறுத்தவரை அது சிறிய விடயமே. மேல்மாடிக் கண்ணாடியைத் துடைக்க ஏணியில் ஏறுகிறவரைப் பொறுத்தவரை அவ்வாறன்று. நாட்கூலிக்கு வந்தவர் பதினைந்து அடி உயரத்திலிருந்து வழுக்கி விழுந்தால், அன்று முதல் அவருடைய வீட்டு அடுப்பு எவ்வாறு எரியும் என்பதை எவரும் கணக்கிடுவதில்லை.

முதலில் நாம் அறிந்த முறையை நோக்குவோம். ஒரு வாளி நீர், சிறிது சவர்க்காரம், ஒரு துணி; துடைத்த பின்னர் பளபளப்புக்குப் பழைய பத்திரிகைக் கடுதாசி. (இப்பக்கமும் ஒரு நாள் அப்பணிக்குச் செல்லும் என்பதை நாம் அறிவோம், அதில் நமக்கு வருத்தமில்லை. ஈரக் கடுதாசியின் மை வெள்ளைச் சட்டத்தில் படியாமற் பார்த்துக்கொண்டால் போதும்.) இம்முறையைச் செம்மைப்படுத்தியது றப்பர் வைப்பர். இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த எற்றோரே ஸ்ரெக்கோனே என்னும் யன்னல் துடைக்கும் தொழிலாளி, அக்காலத்தில் வழங்கிய பாரமான கருவியுடன் மல்லாடிச் சலித்து, பித்தளைப் பிடியும் மெல்லிய ஒற்றை றப்பர் அலகும் கொண்ட இலகுவான வைப்பரை 1930களில் ஆக்கினார். இன்று உலகெங்கும் கடைக் கண்ணாடிகளை வழித்தெடுக்கும் கருவி பெரும்பாலும் அதன் வழிவந்ததே. மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு; ஒவ்வோர் இழுப்புக்கும் இடையே றப்பரின் ஓரத்தைத் துணியால் ஒற்றுதல். பழகிய கைக்கு ஒரு கண்ணாடி அரை நிமிட வேலை. பழகாத கைக்கோ நீர்க்கோடுகளே மிஞ்சும்.

இங்கிலாந்தில் கடந்த முப்பது ஆண்டுகளாகப் பரவியுள்ள முறை வேறு. அங்கே யன்னல் கழுவ வருகிறவர் வாகனத்தில் நீர்த்தாங்கியைக் கொண்டு வருகிறார். கண்ணாடி நாரினாலோ காபன் நாரினாலோ ஆன நெடுங்கோல் ஒன்றை, ஒன்றுக்குள் ஒன்றாய் அடங்கியிருக்கும் துண்டுகளை இழுத்து, வேண்டிய உயரத்துக்கு நீட்டுகிறார். கோலினூடே செல்லும் மெல்லிய குழாய் வழியாக நீர் ஏறி, நுனியிலுள்ள தூரிகையில் பாய்கிறது. தரையில் நின்றபடியே அவர் மூன்றாம் மாடிக் கண்ணாடியைத் தேய்த்து அலசுகிறார். பின்னர் துடைக்காமலே கோலைச் சுருக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார். இலண்டனில் புதிதாகக் குடியேறிய நம்மவர் இதனைக் கண்டால், மனிதர் வேலையை அரைகுறையாக விட்டுச் செல்கிறாரே என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அரைமணி நேரத்தில் கண்ணாடி கறையின்றிக் காய்ந்திருக்கும்.

இதன் இரகசியம் கோலில் இல்லை, நீரில் உள்ளது.

மாணவர்கள் இதனை இவ்வாறு விளங்கிக்கொள்ளலாம். கிணற்று நீர் நிலத்தினூடே வரும்போது கல்சியம், மகனீசியம், சிலிக்கா முதலிய பொருள்களைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சில இடங்களில் இரும்பும் சேர்கிறது. ஒரு லீற்றர் நீரில் இவை 500 மில்லிகிராம் கரைந்திருந்தால் அந்நீரை நாம் குடிக்கலாம். நாவுக்கு அது கெட்ட நீரன்று. ஆயின் அந்த ஒரு லீற்றரும் கண்ணாடியில் காய்ந்தால் அரைக் கிராம் வெண்பொடி அங்கே தங்கிவிடும். கேத்தலின் அடியில் படியும் அதே பொருள்தான் அது. பழைய முறையில் வைப்பரும் கடுதாசியும் செய்வதெல்லாம், நீர் காய்வதற்கு முன்னர் அதனை அகற்றிவிடுவதே. இங்கிலாந்துக்காரரோ கரைபொருள் அனைத்தையும் முன்னரே நீக்கிவிடுகிறார். முதலில் நம் நாட்டில் 'ஆர்.ஓ.' என்று வழங்கும் சுத்திகரிப்பு இயந்திரம், அதன்பின் எஞ்சிய அயன்களைப் பற்றிக்கொள்ளும் பிசின் நிரப்பிய உருளை. அளவுமானி பூச்சியத்தைக் காட்டும் நீரையே அவர் கோலுக்குள் விடுகிறார். லீற்றருக்குப் பத்து மில்லிகிராமைத் தாண்டினால் புள்ளிகள் தோன்றும் என்பது அத்தொழிலாளரின் கணக்கு. அத்தகைய நீர் காய்ந்தால் எஞ்சுவதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆகவே துடைக்க வேண்டிய தேவையுமில்லை.

இந்த இயந்திரங்களையும் காபன் கோலையும் வெல்லாவெளிக்கு வருவிக்க வேண்டுமென்று நாம் கூறப்போவதில்லை. விலை ஒருபுறம் இருக்கட்டும். 'ஆர்.ஓ.' இயந்திரம் ஒரு பங்கு நல்ல நீரைத் தருவதற்கு ஏறக்குறைய ஒரு பங்கையோ, அதற்கு மேலோ கழிவாக வெளியேற்றும். வரட்சிக் காலத்தில் குடிநீருக்கே பவுசரை எதிர்பார்த்துக் குடத்துடன் காத்திருக்கும் மக்கள் வாழும் படுவான்கரையில் இது அடாத செயலாகும்.

ஆனால் அந்த இயந்திரம் செய்யும் வேலையை வானம் இலவசமாகச் செய்து தருகிறதே! கடலிலிருந்து ஆவியாக எழும் நீர் உப்பையும் சுண்ணத்தையும் கீழே விட்டுவிட்டே மேலே செல்கிறது. மழைநீர் இயற்கை வடித்த மென்னீர். மட்டக்களப்புப் பகுதியில் ஆண்டொன்றுக்கு 1600 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையான மாரியில் பெய்துவிடுகிறது. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஒரு லீற்றர். ஐம்பது சதுர மீற்றர் கூரையுள்ள சிறு வீட்டுக்கு ஆண்டொன்றுக்கு எண்பதினாயிரம் லீற்றர் வந்து விழுகிறது. மழைநீர் சேகரிப்பைத் தமிழகம் 2003இல் கட்டாயமாக்கியது; இலங்கை 2005இல் அதற்கெனத் தேசியக் கொள்கை ஒன்றை வகுத்தது. இவையெல்லாம் குடிநீரையும் நிலத்தடி நீரையும் எண்ணிச் செய்தவை. நமக்கு வேண்டியதோ இரண்டு பீப்பாய் மட்டுமே. அவை நிறைந்திருக்கும் வேளையிலேயே பொங்கல் துப்புரவும் வருகிறது!

இங்கே ஒரு மாணவர் குறுக்கிட்டு, "மழைநீர் அத்துணைத் தூயதாயின் மழை பெய்து ஓய்ந்த பின்னர் யன்னல் ஏன் அழுக்காகத் தோன்றுகிறது?" என்று கேட்பாராயின் அவரைப் பாராட்ட வேண்டும். மழை கொண்டுவந்த அழுக்கன்று அது. ஏற்கெனவே கண்ணாடியில் இருந்த தூசியைச் சில துளிகள் நனைத்து, கழுவிச் செல்லாமல் ஓரிடத்தில் குவித்துவிட்டன. சுவரின் சுண்ணமும் ஒழுகி வந்து சேர்ந்திருக்கலாம். தேய்த்து, தாராளமாக அலசினால் மழைநீர் தன் குணத்தைக் காட்டும்.

அழுக்கும் எல்லா இடத்திலும் ஒன்றன்று. பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடிப் பக்கம் சென்றால், எழுவான்கரை வீடுகளின் கண்ணாடியில் கடற்காற்றின் உப்பு படிந்திருக்கும். உப்பு நீரில் கரைவது. நீர் பாயும் கோலுக்கு அது எளிய பகை. இக்கரையில் வெல்லாவெளியிலோ வயல்தான் யன்னலை அழுக்காக்குகிறது. அறுவடைக் காலத்தில் இயந்திரம் கிளப்பும் பதரும் தூசியும், கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒழுங்கையின் செம்புழுதியும் வந்து படிகின்றன. இவற்றுட் கூரிய மணல் உண்டு. உலர்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். சிமினிக்குச் சாம்பல் போட்டுத் துலக்கிய பழக்கத்தை யன்னலுக்குக் கொண்டுவருவதும் அத்தகையதே. முதலில் நீரால் நனைத்து மண்ணை ஓடவிட்ட பின்னரே துணி தொட வேண்டும். ஆண்டுக்கணக்காகக் கிணற்று நீர் தெறித்து ஏறிய வெண்கறைக்கு மட்டும் கோலும் உதவாது, மழைநீரும் உதவாது. தேசிக்காய்ச் சாற்றையோ தென்னை வினாகிரியையோ துணியில் நனைத்துச் சிறிது நேரம் ஒற்றி வைத்துக் கையால் தேய்த்தே அதனை எடுக்க வேண்டும்.

நமது பழைய யன்னல்களுக்குக் கோல் ஒவ்வாத இடங்களும் உள. பாடசாலைகளிலும் அரச விடுதிகளிலும் காணப்படும் லூவர்க் கண்ணாடிகளில் வெளியிலிருந்து நீரைப் பாய்ச்சினால் அது உள்ளே மேசையையும் புத்தகத்தையும் நனைத்துவிடும். மரச்சட்டத்தில் கண்ணாடியை இருத்தும் பூச்சு வெடித்திருந்தாலும் அவ்வாறே. அவற்றுக்கு ஈரத் துணியே தகும். வரட்சி மாதங்களில் எந்த யன்னலுக்கும் வாளியே தகும். கோல் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு லீற்றரைக் குடிக்க, வாளிக்காரர் ஐந்து லீற்றரில் ஒரு சிறு வீட்டையே முடித்துவிடுவார். புதியதெல்லாம் பழையதை வென்றுவிட்டது என்று எண்ணுவோர்க்கு இன்னுமொன்று: 828 மீற்றர் உயர்ந்த துபாயின் புர்ஜ் கலீபாவுக்குக் கோல் எட்டாது. உலகின் அதியுயர் கட்டடத்தைக் கயிற்றிலும் கூடையிலும் தொங்கும் மனிதரே வாளியும் வைப்பரும் கொண்டு துடைக்கின்றனர்.

எனினும் ஓரிடத்தில் நாம் கோலின் பக்கமே நிற்கிறோம். சிரமதான நாளில் மேல்மாடி யன்னற் படியில் ஏறி, ஒரு கையால் சட்டத்தைப் பற்றி, மறு கையை வெளியே நீட்டித் துடைக்கும் மாணவனைப் பல ஊர்களிலும் கண்டிருக்கிறோம். கீழே நிற்கும் தோழர்கள் கைதட்டுவர். பெரியோரும் அவனைச் சுறுசுறுப்பானவன் எனப் புகழ்வர். இது நிறுத்தப்பட வேண்டும். இங்கிலாந்தில் 2005இல் வந்த, உயரத்தில் பணிபுரிதல் பற்றிய ஒழுங்குவிதிகளின் முதற்படி, தரையில் நின்று செய்யக்கூடிய வேலைக்கு எவரையும் உயரத்தில் ஏற்றாதே என்பதாகும். ஏணியை அவ்விதிகள் முற்றாக விலக்கவில்லை. அதனைக் கடைசியில் வைத்தன. கூலி பெறும் வளர்ந்த தொழிலாளிக்கே இத்துணைக் காப்பு வேண்டுமாயின், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எத்துணை வேண்டும்?

அதற்கு இலட்சங்கள் தேவையில்லை. இலேசான நீண்ட தடியொன்றின் நுனியில் மென்மையான தூரிகையைப் பொருத்தி, தோட்டத்துக்கு நீர் விடும் மெல்லிய குழாயை அதனுடன் சேர்த்துக் கட்டலாம். மழைநீர்ப் பீப்பாய் மேல்மாடி விறாந்தையிலோ உயர்ந்த மேடையிலோ இருந்தால் நீர் தானே இறங்கும். கண்ணாடியின் உச்சியைவிடப் பீப்பாய் உயர்ந்திருக்க வேண்டும் என்பதே விதி. இயலாவிடில் சிறிய பம்பி ஒன்று போதும். ஆனால் தடியை உயர்த்துமுன் மேலே பார்க்க வேண்டும். நம் ஊர்களில் மின்கம்பிகள் கட்டடங்களின் முகப்பை ஒட்டியே செல்கின்றன. உலோகத் தடியும், ஈரமான எந்தத் தடியும், காபன் நார்க் கோலும் மின்சாரத்தைக் கடத்தும். கம்பி அருகில் உள்ள பக்கத்து யன்னல் அழுக்காகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

தங்கள் கிணற்று நீர் எத்தகையது என அறிய விரும்பும் மாணவர்கள் கண்ணாடித் துண்டொன்றைத் துடைத்து நிழலில் கிடத்தி, ஒரு துளி கிணற்று நீரும், ஒரு துளி குழாய் நீரும், ஒரு துளி மழைநீரும் தனித்தனியே விட்டுக் காயவைக்கலாம். எஞ்சும் வெள்ளை வளையங்களை ஒப்பிட்டால் வேறு மானி வேண்டியதில்லை. வெல்லாவெளி, மண்டூர், களுவாஞ்சிகுடிப் பிள்ளைகள் தத்தம் துளிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் வாவியின் இரு கரை நீரையும் ஒப்பிட்டுவிடலாம்.

மழைநீர் சேகரிப்போர் மாரியின் முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அடுத்ததையே பிடித்தல் நன்று. புதிதாகக் கட்டிய சீமெந்துத் தொட்டியில் விட்டால் நீர் சுண்ணத்தை ஏற்றுக்கொள்ளும். பிளாஸ்ரிக் பீப்பாயே மேல். வாயை நுண்ணிய வலையால் இறுகக் கட்டி வைக்கவும். திறந்து கிடக்கும் பீப்பாயில் டெங்கு நுளம்பு முட்டையிடும். அதனைக் காண வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நம் யன்னலின் பளபளப்பைக் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடமாட்டார்.