ஆட்டோகரெக்ட்டை நிறுத்துங்கள், பிள்ளை எழுதட்டும்

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்தவுடன் பல பெற்றோர் சொல்வது இது: "இனி ஸ்பெல்லிங் பற்றிக் கவலை இல்லை, வேர்டே திருத்திவிடும்." திருத்திவிடும் என்பது உண்மைதான். என் கவலையே அதுதான்.

வேர்டில் இரண்டு வசதிகள் உள்ளன. தவறான சொல்லின் கீழே சிவப்பு நெளிகோடு போடுவது ஸ்பெல் செக். ஸ்பேஸ் பாரைத் தட்டியதும், நம்மைக் கேட்காமலேயே சொல்லை மாற்றிவிடுவது ஆட்டோகரெக்ட். 'பிகினிங்' என்ற சொல்லில் இரண்டு 'என்' வரவேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் பிள்ளை டைப் செய்தால், கண் இமைப்பதற்குள் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். தவறு நடந்ததே பிள்ளைக்குத் தெரியாது. பரீட்சைப் பேப்பர் இப்படித் திருத்திக் கொடுக்காது. எனவே பிள்ளைகள் எழுதும் கம்ப்யூட்டரில் நெளிகோடு இருக்கட்டும், ஆட்டோகரெக்ட் வேண்டாம் என்பது என் கருத்து.

ஆங்கில ஸ்பெல்லிங் என்றாலே மனப்பாடம்தான் என்று நினைக்கிறோம். சொல்லின் கடைசியில் சேரும் இ.டி., ஐ.என்.ஜி. போன்றவற்றுக்கு அப்படி இல்லை. (இ.டி. என்றால் மழையோடு வரும் இடி அல்ல!) லிப்ரே ஆபீஸில் ஸ்பெல்லிங் பார்ப்பது ஹன்ஸ்பெல் என்ற புரோகிராம். அது இரண்டு டெக்ஸ்ட் ஃபைல்களை வைத்து வேலை செய்கிறது. ஒன்றில் சொற்கள், இன்னொன்றில் சொற்களோடு சேர்ப்பவற்றின் விதிகள். நோட்பேடிலேயே திறந்து பார்க்கலாம். அமெரிக்க ஆங்கில ஃபைலில் இ.டி. சேர்க்க நான்கே நான்கு விதிகள்தான். சொல் 'இ' எழுத்தில் முடிந்தால் 'டி' மட்டும் போதும். மெய்யெழுத்தை அடுத்து 'ஒய்' வந்தால், அதை 'ஐ' ஆக்கிவிட்டு இ.டி. சேர்க்க வேண்டும், 'கிரை' (அழு) என்ற சொல் அப்படி மாறும். உயிரெழுத்தை அடுத்து 'ஒய்' வந்தால் மாற்றமில்லை; 'பிளே' அந்த வகை. மற்ற சொற்களுக்கு அப்படியே இ.டி. இதைக் கற்றுத்தர ஒரு மாலைப் பொழுது போதாதா?

எழுத்து இரட்டிப்பது மட்டும் அந்த விதிகளில் இல்லை. ஆகவே அத்தகைய சொற்களைப் பட்டியலில் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் தமிழ் படிக்கும் பிள்ளைக்கு இது பழக்கமான சங்கதி. கல் + இல் = கல்லில். கால் + இல் = காலில். ஒற்றைக் குறிலுக்குப் பின் நிற்கும் மெய், உயிர் வந்து சேர்ந்தால் இரட்டிக்கும் என்ற நன்னூல் விதிதான். 'ரன்' (ஓடு) என்பதோடு ஐ.என்.ஜி. சேர்த்தால் இரண்டு 'என்'. 'ரெயின்' (மழை பெய்) என்பதோடு சேர்த்தால் ஒன்றுதான். ஒரு வேறுபாட்டைச் சொல்லிக் கொடுங்கள்: ஆங்கிலத்தில் ஓசையைவிட எழுத்தின் எண்ணிக்கைதான் முக்கியம். 'லுக்' குறுகி ஒலித்தாலும் அதில் இரண்டு 'ஓ' இருப்பதால் கடைசி 'கே' இரட்டிக்காது. நீளமான சொற்களில் அழுத்தம் கடைசி அசையில் விழ வேண்டும். 'பிகின்' இரட்டிப்பதும், 'ஓப்பன்' இரட்டிக்காததும் அதனால்தான்.

நெளிகோட்டையும் முழுதாக நம்ப முடியாது. அபிமான நடிகர் புதுப்படத்தில் 'ஸ்டாரிங்' என்று எழுத நினைத்து, ஒரு 'ஆர்' விட்டுவிட்டால் அவர் படத்தில் முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதாகப் பொருள் வரும். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள். ஸ்பெல் செக்கிற்கு இரண்டும் சரிதான்.

ஆட்டோகரெக்ட்டை நிறுத்த, வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங் எனச் சென்று, ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் பட்டனில் கிளிக் செய்திடுங்கள். 'ரீப்ளேஸ் டெக்ஸ்ட் ஆஸ் யூ டைப்' என்பதில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். உங்கள் அலுவலகக் கடிதங்களுக்கு அந்த வசதி தேவை என்றால், பிள்ளைக்கு விண்டோஸில் தனி யூசர் அக்கவுண்ட் உருவாக்கிக் கொடுங்கள். அங்கே மொழியையும் பார்த்துவிடுங்கள். அமெரிக்க ஆங்கிலம் என்று இருந்தால், பள்ளியில் 'யூ' சேர்த்துக் கற்றுத்தந்த 'கலர்' என்ற சொல்லுக்கும் சிவப்புக் கோடு விழும். ரிவ்யூ, லாங்குவேஜ் வழியாகச் சென்று இங்கிலீஷ் (இந்தியா) என்பதைத் தேர்ந்தெடுங்கள்.