துருவின் மேல் பூசும் வண்ணம்

பெருநாள் நெருங்கினால் நம் வீடுகளில் வண்ணம் பூசும் வேலை தொடங்கிவிடும். சுவருக்குச் சுண்ணாம்பு, கதவுக்கு வார்னிஷ், இரும்புச் சன்னல்களுக்கு எனாமல். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இந்த மூன்றாவது வேலைக்கு ஆயுள் குறைவு. பெருநாளன்று பளபளத்த சட்டம், அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் கொப்புளித்து உரிந்து, சுவரில் செம்பழுப்பு நீரை வடிக்கிறது. உப்புக்காற்றைக் குறை சொல்கிறோம். அது பாதி உண்மை. மீதிப் பாதி, துருவை அகற்றாமல் அதன்மேல் வண்ணம் பூசிய நம் குற்றம்.

துரு தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே மேலே உள்ள வண்ணத்தைத் தள்ளி உரிக்கிறது. கண்ணாடியைப் பிடித்திருக்கும் புட்டியையும், சில வேளை கண்ணாடியையுமே விரிசல் விடச் செய்கிறது. வண்ணத்துக்கு அடியில் சிக்கிய உப்பு ஈரத்தை ஈர்த்து, இந்த அரிப்பை நம் கண்ணுக்கு மறைவாகத் தொடர்கிறது.

இதை எழுதும் நானும் இத்தவற்றைச் செய்தவன்தான். சில ஆண்டுகளுக்கு முன், மாடியை வாடகைக்கு விடும் அவசரத்தில் துருவேறிய சன்னல்களின்மேல் ஒரே நாளில் எனாமல் பூசச் செய்தேன். குடிவந்தவர்கள் பார்த்து மகிழ்ந்தார்கள். ஆறு மாதங்களில், அவர்களுடைய சிறு மகன் பற்றியிருந்த அடிச்சட்டம் கையோடு பெயர்ந்து வந்தது. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைக்கு எதுவும் ஆகவில்லை. தந்தை கேட்டது ஒன்றுதான்: “காக்கா, இது உங்களுக்கு முன்பே தெரியுமா?” எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

பொருளின் குறையை மறைத்து விற்பது கூடாது என்பதை அறியாதவர் நம்மில் இல்லை. வாடகைக்கு விடும் வீட்டுக்கும் அது பொருந்தும் என்பதே என் கருத்து.

முறையாகச் செய்வது கடினமன்று, பொறுமைதான் வேண்டும். உரிந்த வண்ணத்தையும் துருவையும் சுரண்டி, கம்பித் தூரிகையாலும் எமரித் தாளாலும் இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவுக்குச் சட்ட வரம்பு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம். நீர் தெளித்து, முகக்கவசம் அணிந்து தேய்க்க வேண்டும். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அப்பால் வைக்க வேண்டும். உதிர்ந்ததைத் திரட்டி அகற்ற வேண்டும். பின்னர் நல்ல நீரால் உப்பைக் கழுவி, நன்கு உலர்த்தி, புதுத் துரு படியுமுன் அன்றே ரெட் ஆக்சைடு அல்லது சிங்க் பாஸ்பேட் பிரைமர் பூச வேண்டும். அது காய்ந்தபின் எனாமல் இரண்டு பூச்சு. நீர் தேங்கும் அடிச்சட்டத்திலும் மூலைகளிலும் கூடுதல் கவனம் தேவை. கீல்களில் வண்ணம் படியாமல் எண்ணெய் இட வேண்டும்.

சட்டம் ஓரிடத்தில் அரித்து ஓட்டையாகியிருந்தால், அப்பகுதியை மட்டும் வெட்டி, வெல்டிங் மூலம் புதிய துண்டைப் பொருத்தலாம். அதற்காகச் சன்னல் முழுவதையும் பெயர்த்துவிட்டு அலுமினியம் மாட்டுவது பல வீடுகளில் தேவையற்ற செலவு. வாப்பாவின் காலத்துக் கனமான இரும்பு, பராமரித்தால் இன்னும் பல்லாண்டு நிற்கும். ஆண்டுதோறும் துருவின்மேல் பூசிப் பூசிக் கரைக்கும் பணமும் வீண்விரயமே.

பெருநாளுக்குள் எல்லாச் சன்னல்களையும் முடிக்க இயலாதெனில், ஒன்றை மட்டும் முறையாகச் செய்யுங்கள். மற்றவை, இன்ஷா அல்லாஹ், பெருநாளுக்குப் பின் ஒவ்வொன்றாக ஆகட்டும். அதுவரை வரும் விருந்தினர் துருவைப் பார்த்துவிட்டுப் போவதில் நமக்கு இழுக்கு எதுவுமில்லை.